மகளின் சோறூட்டு முதல் காதுகுத்து வரை: சடங்கு நடத்தித் தந்த ஒரு குழுவைப் பற்றிய என் மதிப்பீடு

என் மகளுக்கு ஆவணி மாதத்தில் முதல் சோறு ஊட்டியதையும், மாசி மாதத்தில் ஆண்டு நிறைவு ஹோமம் செய்து, அடுத்த சில நாளில் குலதெய்வக் கோயிலில் முடி இறக்கிக் காது குத்தியதையும் திருச்சியில் உள்ள ஒரு சிறிய குழுவினரிடம் ஒப்படைத்திருந்தோம். ஐயர் ஒருவர், அவருக்கு உதவியாக ஓர் இளைஞர், ஓதுவார் ஒருவர், காது குத்தும் ஆசாரி, முடி இறக்கும் நாவிதர், இவர்கள் எல்லோரையும் ஒருங்கிணைக்கும் பெரியவர் என்று ஆறு பேர் மட்டுமே கொண்ட குழு அது. கையில் இருக்கும் வேலையே தங்களுக்குப் போதும் என்று சொல்லி, எங்கும் பெயர் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் நானும் குறிப்பிடவில்லை. ஆனால் இத்தகைய சேவையை நாடும் பெற்றோர் என்ன எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது பற்றி எழுத எனக்கு நிறையவே இருக்கிறது.

கட்டணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நடந்த சோறூட்டலுக்கு ரூ. 4,500. ஹோமத்துக்கும் கோயில் நிகழ்ச்சிக்கும் சேர்த்து ரூ. 27,500. ஹோமத்துக்கான சமித்து (தீயில் இடும் குச்சி), நெய், கலசம், பூ எல்லாம் இதில் அடக்கம். ஆசாரிக்கும் நாவிதருக்கும் வெற்றிலை பாக்கில் வைத்து நாம் கொடுக்கும் காணிக்கை தனி. காதில் போடும் பொன் கம்பியை நாங்களே கொண்டுவந்தோம். சமையல், பந்தல், ஒலிபெருக்கி போன்றவற்றை அவர்கள் ஏற்பதில்லை.

இவர்களிடம் போனதற்குக் காரணம் என் மகனின் ஆண்டு நிறைவு. ஏழு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சென்னையில் இருந்தபோது வேறொரு நிறுவனத்திடம் எல்லாவற்றையும் கொடுத்தோம். மண்டபம், உணவு, படம் பிடிப்பு, சடங்கு எல்லாம் ஒரே தொகையில். நாற்பது நிமிடத்தில் ஹோமம் முடிந்தது. மந்திரம் சொன்னவர் ஒலிபெருக்கியைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார். என் கணவர் கையில் எந்தப் பொருள் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. படம் எடுக்க வெளிச்சம் சரியாக விழவில்லை என்று, மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த என் தம்பியை எழுந்துகொள்ளச் சொல்லிவிட்டுக் குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தாய்மாமன் மடி என்பது அலங்காரத்துக்காகச் சொல்லப்படும் சொல் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். காது குத்த வந்தவர் கருவியைக் காதில் வைத்து அழுத்திவிட்டு அடுத்த மண்டபத்துக்குப் புறப்பட்டுப் போனார். வந்திருந்தவர்கள் சாப்பாடு நன்றாக இருந்தது என்றார்கள். அன்று இரவு என் தம்பி, "அக்கா, எனக்கு அங்கே என்ன வேலை இருந்தது?" என்று கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வி இத்தனை ஆண்டுகளாக என்னிடம் இருந்தது.

மகளுக்கு ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது இந்தக் குழுவின் பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விலைப்பட்டியல் எதையும் எடுக்காமல் ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார். குழந்தையின் நட்சத்திரம் என்ன, உங்கள் வீட்டில் முதல் முடியை எந்தச் சாமிக்குக் கொடுப்பீர்கள், அரைஞாண் கயிறு கட்டியது யார், தாய்மாமன் எத்தனை பேர், மூத்தவர் யார், குழந்தைக்கு அத்தை உண்டா, பாட்டிமார் இருவரும் இருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். என் மாமியார், "இதெல்லாம் எதற்குத் தம்பி?" என்றார். "உங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாதே அம்மா. தெரிந்துகொள்ளாமல் நான் என்ன செய்ய முடியும்?" என்று அவர் சொன்ன பதிலிலேயே, அவர்களிடம் கொடுப்பது என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம்.

நாள் பார்ப்பதில் அவர் காட்டிய கவனத்தைச் சொல்ல வேண்டும். ஆண்டு நிறைவைப் பிறந்த தமிழ் மாதத்தில், பிறந்த நட்சத்திரம் வரும் நாளில் செய்வதே நம் வழக்கம். சந்திரன் 27 நட்சத்திரங்களையும் சுற்றி வர ஏறத்தாழ 27 நாள் ஆகிறது; தமிழ் மாதமோ 29 முதல் 32 நாள் வரை நீளும். அதனால் சில ஆண்டுகளில் ஒரே மாதத்தில் அதே நட்சத்திரம் இரண்டு முறை வந்துவிடும். எங்கள் மகளுக்கும் அப்படித்தான் வந்தது. அப்போது பின்னால் வருவதை எடுத்துக்கொள்வதே வழக்கம் என்று, பஞ்சாங்கத்தை எங்கள் முன்னால் வைத்து இரண்டு தேதிகளையும் விரலால் காட்டி விளக்கினார். நாங்கள் முதல் தேதிக்கு ஊர்ப் பயணமெல்லாம் திட்டமிட்டிருந்தோம், மாற்றிக்கொண்டோம்.

சோறூட்டல் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. ஆண் குழந்தைக்கு இரட்டைப்படை மாதத்திலும் பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதத்திலும் ஊட்டுவது பல குடும்பங்களின் வழக்கம். மாசியில் பிறந்தவளுக்கு ஆவணி ஏழாவது மாதம். ஆறு மாதம் முடிந்து ஏழாவது நடக்கும்போது என்பதால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் இணை உணவு என்று உலக சுகாதார நிறுவனமும் குழந்தை மருத்துவர்களும் சொல்வதோடு இது சரியாகப் பொருந்தி வந்தது. வீட்டுச் சடங்குகளுக்கு விதி கூறும் பழைய வடமொழி நூலான ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரம் சொல்வதும் இதற்கு நெருங்கிய ஆறாம் மாதம்தான். அன்னத்தில் தயிர், தேன், நெய் கலந்து ஊட்ட வேண்டும் என்பது அந்த நூலின் விதி. ஆனால் பெரியவர் முன்கூட்டியே, "தேன் வேண்டாம் அம்மா, ஒரு வயது வரை கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நெய்யும் பருப்பும் போதும்" என்று சொல்லிவிட்டார். ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வளர்ந்து நச்சை உண்டாக்கக்கூடும் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாக எச்சரித்து வருவது. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கத்தையும் அதனால்தான் மருத்துவமனைகளில் தடுக்கிறார்கள். வழக்கத்தைச் சொல்லும் வாயாலேயே அதை எங்கே நிறுத்த வேண்டும் என்றும் சொல்லத் தெரிந்தவர்களிடம் குழந்தையை நம்பிக் கொடுக்கலாம்.

அன்று நடந்ததில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது ஒன்று உண்டு. குழைத்த சோற்றை வெள்ளிக் கிண்ணத்தில் வைத்து, முதல் வாயை என் மாமனார் ஊட்டினார். மகள் நாக்கால் துழாவிப் பார்த்தாள், புருவத்தைச் சுருக்கினாள், பாதியை வெளியே தள்ளிவிட்டு மீதியை விழுங்கினாள். எல்லோரும் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அப்போது பெரியவர் புறநானூற்றின் 77ஆம் பாட்டை நினைவுபடுத்தினார். தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் எவ்வளவு இளையவன் என்பதைச் சொல்ல வந்த இடைக்குன்றூர் கிழார், வயதை எண்ணிச் சொல்லவில்லை. காலில் இருந்த கிண்கிணியைக் கழற்றிக் கழல் கட்டியிருக்கிறான், தலையில் குடுமி களைந்திருக்கிறான், கையில் இருந்த சிறு வளையைக் கழற்றி வில்லைப் பிடித்திருக்கிறான், கழுத்துத் தாலியையோ இன்னும் களையவில்லை, பால் குடிப்பதை விட்டு இன்றுதான் உணவு உண்டான் என்று சொல்கிறார். அந்தத் தாலி, திருமாலின் ஐந்து படைக்கலங்களையும் சிறிதாகச் செய்து காவலுக்காகக் குழந்தையின் கழுத்தில் கட்டும் ஐம்படைத்தாலி. போர்க்களத்தில் நிற்கும் அரசனைப் பாடும் புலவருக்கும் ஒருவனின் இளமையை அளக்கக் கிடைத்த அளவுகோல், வீட்டில் தாயும் பாட்டியும் செய்து வந்த இந்தச் செயல்களே. "பால் விட்டு உணவு உண்ட நாள்" என்பது நம் மொழியில் எத்தனை பழைய நாள் என்பதை, கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அன்றுதான் உணர்ந்தேன்.

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களையும் அவர் அப்படியே சொன்னார். மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தோராம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் ஒவ்வொரு பருவமாக வருகின்றன. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் முதல் ஏழும் ஆண், பெண் இருபாலாருக்கும் பொது. கடைசி மூன்று மட்டுமே வேறுபடும். தலையைத் தூக்குவது, கை தட்டுவது, தளர்நடையில் வருவது, நிலாவைக் கூப்பிடுவது என்று குழந்தையின் வளர்ச்சியை மாதக்கணக்கில் கவனித்துக்கொண்டே இருந்தவர்களால்தான் இப்படி வகுத்திருக்க முடியும். சடங்கைத் தனியாகவும் வளர்ச்சியைத் தனியாகவும் பார்க்காத கண் அது.

ஹோமத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறந்த நட்சத்திர நாளில் காலை ஆறரை மணிக்குத் தொடங்கி எட்டே முக்காலுக்கு முடிந்தது. ஆயுளை வேண்டிச் செய்யும் ஆயுஷ்ய ஹோமம் என்பதால், கலசத்தில் நீர் நிறைத்து வைத்து, மந்திரங்கள் முடிந்த பிறகு அந்த நீரைக் குழந்தையின் தலையில் வார்த்தார்கள். மார்க்கண்டேயரையும், அசுவத்தாமன், மாவலி, வியாசர், அனுமன், வீடணன், கிருபர், பரசுராமர் என்னும் ஏழு சிரஞ்சீவிகளையும் நினைத்தார்கள். ஓதுவார் தேவாரம் பாடினார். வடமொழி மந்திரமும் தமிழ்ப் பாட்டும் ஒன்றையொன்று முந்தாமல் மாறி மாறி வந்தது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

இந்தப் பகுதியில் எனக்கு மனக்குறையும் உண்டு. ஐயர் கற்றவர், உச்சரிப்பு சுத்தம். ஆனால் கேட்டால்தான் பொருள் சொல்கிறார். கேட்கக் கூச்சப்படும் குடும்பத்தில் இரண்டே கால் மணி நேரமும் பேசாமலே கழிந்துவிடும். கூடம் சிறியது, புகை வெளியேற வழி செய்ய வேண்டும் என்று யாரும் முன்பே சொல்லவில்லை. குழந்தைக்குக் கண் எரிந்து அழத் தொடங்கியதால் பாதி நேரம் நான் அவளைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றேன். என் மகளுக்காக நடந்த ஹோமத்தை நானும் அவளும் கதவு வழியாகப் பார்த்தோம் என்பது வருத்தமாகத்தான் இருக்கிறது.

பெண் குழந்தைக்கு மந்திரம் உண்டா என்று என் நாத்தனார் கேட்டார். பெண்களுக்கு இந்தச் சடங்குகளை மந்திரம் இல்லாமல் செய்ய வேண்டும் என்று மனுஸ்மிருதியில் விதி இருப்பது உண்மை. ஐயர் அதை மறைக்கவில்லை. "அப்படி எழுதியிருக்கிறது. நாங்கள் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரிதான் செய்கிறோம். ஆயுளை வேண்டுவதில் ஆண் என்ன, பெண் என்ன?" என்றார். மகனுக்குச் செய்தபோது அந்தச் சென்னை நிறுவனத்தின் பட்டியலில் பெண் குழந்தைக்கான தொகை குறைவாகவும் நேரம் பாதியாகவும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளையைப் பெற்றவர்கள் இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுங்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன்.

மூன்று நாள் கழித்து, லால்குடிப் பக்கம் உள்ள எங்கள் ஐயனார் கோயிலில் முடி இறக்கினோம். முதல் முடியை மூன்றாம் ஆண்டில் எடுக்கலாம், அல்லது குல வழக்கப்படி எடுக்கலாம் என்று ஆசுவலாயன சூத்திரமே சொல்கிறது. ஆகவே எங்கள் கொள்ளுப்பாட்டனார் காலத்திலிருந்து ஒரு வயதில் எடுப்பதை நாங்கள் தயக்கமின்றித் தொடர்ந்தோம். பழனி, திருத்தணி, சமயபுரம் போன்ற பெரிய கோயில்களில் முடி இறக்குபவர்களுக்கு 2021 முதல் அறநிலையத் துறை முடிக்காணிக்கைக் கட்டணத்தை நீக்கிவிட்டது. அங்கே போனால் இந்தச் செலவே இல்லை. எங்கள் ஐயனாருக்கு மண் குதிரைகளும் ஒரு வேப்பமரமும் தவிர வேறு வசதிகள் கிடையாது. நாவிதரை நாம்தான் அழைத்துப் போக வேண்டும்.

குழுவோடு வந்த நாவிதர் எழுபதை நெருங்கியவர். காகித உறையில் இருந்த புதிய பிளேடை எங்கள் கண் முன்னால் பிரித்துக் கத்தியில் பொருத்தினார். மகளுக்கு முடிந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்து மொட்டை போட்டுக்கொண்ட என் மகனுக்கு வேறொன்று பிரித்தார். வெந்நீர் கொண்டுவந்திருந்தார். உச்சிக்குழி இன்னும் முழுவதும் மூடாத குழந்தை என்பதால் அந்த இடத்தில் அவர் கை எடையே இல்லாமல் நகர்ந்தது. குழந்தை அழுதால் நிறுத்திவிட்டு, நெற்றியில் ஊதி, மறுபடியும் தொடங்கினார். முடித்ததும் அரைத்த சந்தனத்தை அவரே பூசவில்லை. கிண்ணத்தை என் மாமியாரிடம் நீட்டி, "பாட்டி பூசட்டும்" என்றார். இந்தக் குழுவிடம் நான் கண்ட குணம் இதுதான். எந்த இடத்தில் தங்கள் கை முடிந்து குடும்பத்தின் கை தொடங்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கிறது.

காது குத்துதல்தான் அன்றைய நாளின் உயிர்நாடி. குத்துவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே பெரியவர் தொலைபேசியில் அழைத்து, தடுப்பூசி அட்டையைப் பார்த்து முத்தடுப்பு மருந்து அடங்கிய ஊசி மூன்று தவணையும் போட்டாயிற்றா என்று உறுதி செய்துகொள்ளச் சொன்னார். ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) எதிரான காப்பு அதில்தான் இருக்கிறது. கொண்டுவரும் கம்பி நல்ல தங்கமாக இருக்கட்டும், வேறு உலோகம் கலந்தால் சில குழந்தைகளுக்குப் புண் ஆறாது என்றும் சொன்னார்.

வேப்பமரத்துக்குக் கிழக்கே ஒரு பாயை விரித்து, என் தம்பியைக் கிழக்கு நோக்கி உட்காரச் சொன்னார்கள். தோளில் புதுத் துண்டு, மடியில் மஞ்சள் பாவாடை கட்டிய மகள், எதிரே தாம்பாளத்தில் மாமன் சீர். வெளிச்சம் இன்னும் சூடேறாத காலை நேரம். ஆசாரி குழந்தையின் பின்புறமாக வந்து குந்தி உட்கார்ந்து, இடது காது மடலின் கீழ்ப்பகுதியை இரண்டு விரலால் மெல்ல விரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். மடல் செம்பருத்தி இதழ் போல ஒளிர்ந்தது. அதற்குள் ஓடும் மயிரிழை போன்ற நரம்புகள் கண்ணுக்குத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே நரம்பே இல்லாமல் தெளிவாக இருந்த ஒரு சிறு இடத்தை என்னை அழைத்துக் காட்டி, "இதோ பாருங்கள், சாமியே வழி விட்டிருக்கிறது" என்று சொல்லி, குச்சியின் நுனியால் குங்குமப் பொட்டு வைத்தார். அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தந்தை.

பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை காது குத்துவதற்கு விதி கூறும் இடத்தில் இதே முறைதான் இருக்கிறது. ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில் குழந்தையை மடியில் வைத்து, விளையாட்டுப் பொருள்களால் பராக்குக் காட்டி, சூரிய ஒளியில் தெரியும் இயற்கையான துளையிடத்தைப் பார்த்துக் குத்த வேண்டும். ஆண் குழந்தைக்கு வலக்காது முதலில், பெண் குழந்தைக்கு இடக்காது முதலில். காவலுக்கும் அழகுக்கும் ஆக இது செய்யப்படுகிறது என்கிறது அந்த நூல். குத்திய பிறகு எண்ணெயில் தோய்த்த திரியை இட்டு, மூன்று நாளைக்கு ஒரு முறை சற்றுத் தடித்த திரியாக மாற்ற வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் ஆசாரி சுசுருதரைப் படித்தவர் அல்லர். பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு மருத்துவ விதி, படிப்பு வழியாக வராமல் கை வழியாக ஒரு வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்திருந்ததை நான் ஓரடி தூரத்தில் நின்று பார்த்தேன். குத்தும் கருவியைக் காதில் வைத்து அழுத்துபவரிடம் இந்த வெயில் பார்க்கும் வேலை இல்லை. அதன் உடலைக் கொதிக்க வைத்து முழுவதும் கிருமி நீக்குவதும் அரிது. ஆசாரி பொன் கம்பியின் முனையையே ஊசியாகத் தீட்டி, கொதிநீரில் இட்டு எடுத்து வைத்திருந்தார்.

அந்தத் திரியைப் பற்றிப் பெரியவர் சொன்னதையும் எழுத வேண்டும். பெரியாழ்வார், கண்ணனுக்குக் காது குத்தித் திரி இட யசோதை அழைப்பதாக ஒரு பதிகம் பாடியிருக்கிறார். வரமாட்டேன் என்று ஓடும் பிள்ளையைப் பழம் தருகிறேன், பொன் கடிப்பு (காதணி) இருக்கிறது பார் என்று அவள் கெஞ்சிக் கூப்பிடுகிறாள். கூப்பிடும்போது கேசவன், நாராயணன், மாதவன் என்று தொடங்கித் திருமாலின் பன்னிரண்டு பெயர்களும் பாட்டுக்கு ஒன்றாக வந்துவிடுகின்றன. நாங்கள் சைவக் குடும்பம். ஆனால் இதைக் கேட்டபோது என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைக்கு வலிக்கும் என்று தெரிந்தும் அழைக்கிற தாய்க்குச் சொல்ல வேறென்ன இருக்கிறது, பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவதைத் தவிர? நானும் என் தம்பியும் அந்த நேரத்தில் மகளுக்கு நாங்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர்களையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். இடது காதில் கம்பி ஏறியது. ஒரு நொடி ஒன்றும் நடக்காதது போல இருந்துவிட்டு, பிறகு அவள் அழுதாள். தம்பி அவளை இழுத்து அணைத்துக்கொண்டான். அவன் கை நடுங்கியது. அவள் முகத்தை அவன் தோளில் புதைத்துக்கொண்டாள். என்னிடம் வரவில்லை. அவனிடமே இருந்தாள்.

தாய்மாமன் மடி எதற்கு என்று ஏழு ஆண்டுகளாக என்னிடம் இருந்த கேள்விக்கு அந்தக் காலையில் பதில் கிடைத்தது. பிறந்த வீட்டுச் சொந்தம் விட்டுப்போகவில்லை என்று ஊருக்குக் காட்டுவதும், சீர் செய்து உரிமையை நிலைநாட்டுவதும் அதில் உண்டு. ஆனால் குழந்தைக்கு முதல் வலி வரும்போது பெற்றவர்களுக்கு வெளியே ஒருவர் அதை ஏந்திக்கொள்கிறார் என்பதும், அதற்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் இடையே ஒன்று உண்டாகிவிடுகிறது என்பதும், பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். வலது காதுக்கு ஆசாரி வெல்லம் ஒரு துணுக்கை அவள் வாயில் வைத்துவிட்டுத்தான் குத்தினார். முடிந்ததும் ஊறவைத்த அரிசியில் வெல்லப்பாகும் எள்ளும் பொட்டுக்கடலையும் தேங்காய்ப் பல்லும் கலந்த காப்பரிசியை எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. கோயிலுக்கு ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன வண்டி ஏழே முக்காலுக்குத்தான் வந்தது. காலை வெயில் முக்கியம் என்று தெரிந்தவர்களே தாமதிக்கலாமா என்று கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டார்கள். நிழலுக்குத் தார்ப்பாய் கொண்டுவருவோம் என்று சொல்லியிருந்தார்கள், கொண்டுவரவில்லை. ரசீது கேட்டபோது கையால் எழுதிய தாளே கிடைத்தது.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, நிகழ்ச்சி முடிவில் எல்லோருக்கும் கொடுத்த சிறு கையேடு. உதவியாளர் இளைஞர் தொகுத்தது என்றார்கள். பதினாறு சம்ஸ்காரங்களின் பெயர்களையும் மாதங்களையும் அது ஒழுங்காகத் தருகிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே "அறிவியல் காரணம்" என்று ஒரு பத்தி போட்டிருக்கிறார்கள். காது குத்தினால் மூளை வளரும், மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வரும் என்றெல்லாம் எழுதியிருப்பதற்கு ஆதாரம் இல்லை. முடியின் அடர்த்தி வேர்க்காலைப் பொறுத்தது, மேலே மழிப்பதால் அது மாறுவதில்லை. இந்தச் சடங்குகளுக்கு இல்லாத அறிவியலைக் கொண்டுவந்து முட்டுக்கொடுக்கத் தேவையே இல்லை. காவலுக்கும் அழகுக்கும் என்று சுசுருதரே நேராகச் சொல்லிவிட்டார். இடைக்குன்றூர் கிழாரும் பெரியாழ்வாரும் இருக்கிறார்கள். அதையெல்லாம் வாயால் அவ்வளவு அழகாக எடுத்துச் சொன்ன பெரியவர், தன் குழுவின் கையேட்டில் இதை விட்டுவைத்திருப்பது எனக்கு வருத்தம். அவரிடம் நேரிலேயே சொன்னேன். அடுத்த பதிப்பில் அந்தப் பத்திகளை எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மண்டபம், சமையல், படம் பிடிப்பு எல்லாம் ஒரே இடத்தில் முடிந்துவிட வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு இந்தக் குழு பொருந்தாது. வேலையின் பாதியை இவர்கள் குடும்பத்திடமே விட்டுவிடுகிறார்கள். சமித்தை எடுத்துக் கொடுப்பது, கலச நீரை வார்ப்பது, சந்தனம் பூசுவது, காப்பரிசி கலப்பது எல்லாவற்றையும் நம் வீட்டு ஆட்கள்தான் செய்ய வேண்டும். சில இடங்களில் யார் செய்வது என்று தெரியாமல் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்போதும் அவர்கள் தாங்களே எடுத்துச் செய்துவிடாமல் காத்திருந்தார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. வேறு ஊரில் இருப்பவர்கள் இத்தகைய சேவையைத் தேடும்போது, உங்கள் வீட்டு வழக்கத்தை அவர்கள் கேட்கிறார்களா, பெண் குழந்தைக்கும் ஆண் குழந்தைக்கும் ஒரே முறையில் செய்கிறார்களா, பிளேடையும் ஊசியையும் கண் முன்னால் பிரிக்கிறார்களா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். புகை போக வழி இருக்கும் இடமாக ஹோமத்துக்குத் தேர்ந்தெடுங்கள்.

மகளுக்கு மூன்றாம் வயது நடக்கும் விஜயதசமியன்று எழுத்தறிவிப்பதற்கும் இவர்களையே அழைக்கலாம் என்று நினைத்து, புறப்படும்போது பெரியவரிடம் முன்பணம் நீட்டினேன். பூந்தோட்டம் பக்கத்தில் உள்ள கூத்தனூர் சரசுவதி கோயிலுக்குப் போவதானாலும் உடன் வருவீர்களா என்று கேட்டேன். அவர் பணத்தை வாங்கிக்கொள்ளவில்லை. "கூத்தனூருக்குப் போய் வாருங்கள் அம்மா, நல்லது. ஆனால் அதற்கு நாங்கள் வேண்டாம். வீட்டில் ஒரு தாம்பாளத்தில் நெல்லைப் பரப்புங்கள். உங்கள் மாமனார் மடியில் வைத்து அவள் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கட்டும்" என்றார். என் மாமனார் அன்று சாயங்காலமே பரணிலிருந்து பழைய பித்தளைத் தாம்பாளத்தை இறக்கிப் புளி போட்டுத் துலக்கி வைத்துவிட்டார். விஜயதசமிக்கு இன்னும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருக்கிறது.